தோலில் இருக்கும் மருந்து குருதியில் சேருமா? தோடை, எலுமிச்சைப் பிளேவனொயிட்டுகள் பற்றிக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

பொலிதேயாமா, பலெர்மோ

மார்கழி, தை மாதங்களில் பொலிதேயாமா அரங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் போர்கோ வெக்கியோ சந்தைக்குப் போனால், இலையோடு பறித்த எலுமிச்சம்பழங்களும் தோடம்பழங்களும் மந்தரின்களும் குவியல் குவியலாகக் கிடக்கும். அதே காலத்தில் எம்மவர் கைபேசிகளுக்குச் சில செய்திகளும் வரத் தொடங்கும். எலுமிச்சைத் தோலை அவித்துக் குடித்தால் சீனி வருத்தம் மாறுமாம். தோடந்தோல் கொலஸ்திரோலைக் கரைத்துவிடுமாம். வைத்தியர் தந்த குளிசைகளை நிறுத்திவிடலாமாம்.

இச்செய்திகளை முழுப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. தோடை, எலுமிச்சை இனப் பழங்களின் தோலில் மருந்துக் குணமுள்ள பொருட்கள் இருப்பது உண்மை. அவற்றிலிருந்து செய்யப்பட்ட குளிசையொன்று ஐரோப்பிய மருந்தகங்களில் பல ஆண்டுகளாக விற்பனையில் உள்ளது. ஆனால் தோலில் இருக்கும் பொருள் குருதிக்குள் போய்ச் சேர்கிறதா, சேர்ந்தால் எவ்வளவு சேர்கிறது என்பதை இச்செய்திகள் சொல்வதில்லை. குளிசையை நிறுத்துவதா இல்லையா என்பது இந்தக் கேள்வியிலேயே தங்கியுள்ளது. அதனை விளங்கிக்கொள்ள உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொற்கிண்ணத்தில் விளைந்த பழங்கள்

பலெர்மோவைச் சூழ்ந்த சமவெளிக்கு 'கொன்கா டோரோ' என்று பெயர். பொற்கிண்ணம் என்று பொருள் கொள்ளலாம். அரேபியர் சிசிலியை ஆண்ட காலத்தில் கசப்புத் தோடையும் எலுமிச்சையும் இங்கு வந்தன. இனிப்புத் தோடை சில நூற்றாண்டுகள் கழித்தே வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இச்சமவெளியில் எலுமிச்சைத் தோட்டங்கள் பரந்திருந்தன. கப்பலோட்டிகளைக் கொன்ற ஸ்கேவி நோய்க்கு எலுமிச்சையும் தோடையும் மருந்தாகும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 1747இல் 12 மாலுமிகளைக் கொண்டு சோதித்துக் காட்டியிருந்தார். 1795இல் பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தொடங்கியது. அதன் பின்னர் சிசிலி எலுமிச்சைக்குப் பெரும் சந்தை உருவானது.

1950களிலும் 60களிலும் அந்தத் தோட்டங்களில் பெரும்பகுதி வெட்டி அழிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. இன்று சாக்கூல்லிப் பகுதியின் பிந்திப் பழுக்கும் மந்தரின் போன்ற சிலவே மிஞ்சியிருக்கின்றன. சாந்தா ரொசாலியா மாதாவைக் காண மொன்தே பெல்லெக்ரீனோ மலையேறும் எம்மவர்கள் மேலிருந்து பார்க்கும் கட்டடக் கூட்டம் பலவும் முன்னர் பழத்தோட்டமாக இருந்த நிலத்தின் மேல் நிற்பவையே.

பிளேவனொயிட்டு என்பது என்ன?

பிளேவனொயிட்டுகள் தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே உண்டாக்கும் பொருட்கள். தோடை இனத்தில் இவை சாற்றை விடத் தோலிலும், தோலுக்கு உட்புறமாக உள்ள வெள்ளைப் பஞ்சிலுமே அதிகம். நாம் உரித்து எறியும் பகுதி அதுதான்.

தோடையிலும் மந்தரினிலும் முதன்மையாக இருப்பது ஹெஸ்பெரிடின். 1828இல் லெப்ரெத்தோன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தோடந்தோலின் வெள்ளைப் பகுதியிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். எலுமிச்சையில் ஹெஸ்பெரிடினோடு எரியோசிற்றின் உண்டு. இத்தாலியர் பொம்பெல்மோ என்று சொல்லும் கிரேப்ஃபுரூட்டின் கசப்புக்குக் காரணம் நாரிஞ்சின். இந்தப் பெயர் எமக்கு அந்நியமானதல்ல. அது தோடையைக் குறிக்கும் 'நாரங்கம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அந்த வடசொல்லும் எமது நாரத்தையோடு உறவுள்ள ஒரு திராவிடச் சொல்லிலிருந்து பிறந்ததென்று சொல்லாய்வாளர் பலர் கருதுகின்றனர். இத்தாலியரின் 'அரஞ்சா'வும் பாரசீகம், அரபு வழியாக வந்த அதே சொல்தான்.

1936இல் ஹங்கேரியில் அல்பேர்ட் சென்ற் ஜோர்ஜியும் அவரது சகாக்களும் ஒன்றைக் கவனித்தனர். நுண்குழாய்கள் பலவீனமாகிக் குருதி கசியும் சில நோயாளருக்குத் தூய விற்றமின் சி பலன் தரவில்லை. எலுமிச்சையிலிருந்தும் மிளகாயினத்திலிருந்தும் எடுத்த, தூய்மை குறைந்த சாறு பலன் தந்தது. அதில் இருந்தவை பிளேவனொயிட்டுகள். குழாய்ச் சுவரின் கசிவைக் குறிக்கும் 'பெர்மியபிலிற்றி' என்ற சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அவற்றுக்கு ஒரு விற்றமின் பெயரும் சூட்டப்பட்டது. மறு ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பிளேவனொயிட்டு இல்லாமையால் மட்டும் வரும் நோய் எதுவும் நிறுவப்படவில்லை. 1950 அளவில் அந்த விற்றமின் பெயர் கைவிடப்பட்டது. இவை உயிர் வாழக் கட்டாயம் வேண்டியவை அல்ல. சில நிலைகளில் உதவக்கூடியவை.

உடலில் ஏன் இலகுவில் சேர்வதில்லை?

ரின்னில் அடைத்த மந்தரின் சுளைகளின் பாகில் சிலவேளை வெண்மையான மங்கல் தெரியும். பலர் அதைப் பழுதென்று நினைப்பார்கள். அது பெரும்பாலும் நீரில் கரையாது படிந்த ஹெஸ்பெரிடின். போத்தலுக்குள் கரையாத அதே பொருள் குடலுக்குள்ளும் இலகுவில் கரைவதில்லை. தோலை அவித்து வடித்த தண்ணீரில் கசப்பும் மணமும் இருக்கும். ஹெஸ்பெரிடினின் பெரும்பகுதி வடித்த சக்கையிலேயே தங்கிவிடும்.

இரண்டாவது தடை அதன் அமைப்பில் உள்ளது. ஹெஸ்பெரிடின் மூலக்கூறில் ருட்டினோஸ் என்ற இரட்டைச் சர்க்கரை ஒட்டியிருக்கும். அதைக் கழற்றக்கூடிய நொதியம் எமது சிறுகுடலில் இல்லை. எனவே அது உறிஞ்சப்படாமலே பெருங்குடல் வரை செல்கிறது. அங்குள்ள பற்றீரியாக்கள் சர்க்கரையைக் கழற்றிய பின்னரே, ஹெஸ்பெரெற்றின் என்ற மிகுதிப் பாகம் குருதிக்குள் செல்ல முடியும். ஒவ்வொருவரது குடலிலும் வாழும் பற்றீரியாக்கள் வேறுபட்டவை. அதனால் ஒரே அளவு சாற்றைக் குடித்த இருவரின் குருதியில் சேரும் அளவு பெரிதும் வேறுபடலாம்.

மூன்றாவது தடை ஈரலும் குடற்சுவரும். உள்ளே வந்ததை அவை உடனே வேறு வடிவத்துக்கு மாற்றிச் சிறுநீரோடு வெளியேற்றத் தொடங்கிவிடும்.

ஆய்வுகூடத்தில் ஒரு கலத்தின் மேல் ஹெஸ்பெரிடினை நேரே ஊற்றிப் பார்க்கும் சோதனையில் இத்தடைகள் எதுவும் கிடையாது. 'ஆய்வில் நிரூபணமானது' என்று கைபேசியில் வரும் செய்திகள் பல அத்தகைய சோதனைகளையே காட்டுகின்றன.

உடலில் சேர வைக்கும் வழிகள்

இத்தடைகளைத் தாண்ட ஆய்வாளர்கள் பல வழிகளில் முயன்றுள்ளனர்.

முதலாவது, அரைத்தல். ஹெஸ்பெரிடினிலிருந்து செய்யப்படும் டயோஸ்மின் என்ற பொருளின் சாதாரணத் துகள் சுமார் 37 மைக்ரோன் பருமனுடையது. அதனை 2 மைக்ரோனுக்கும் குறைவாக அரைத்தால் கரையும் பரப்பு பெருகும். 2002இல் வெளிவந்த ஆய்வொன்றில், சாதாரணத் துகளில் சராசரியாக 32.7 வீதமே உறிஞ்சப்பட்டது. நுண்ணியதாக அரைத்ததில் அது 57.9 வீதமாக உயர்ந்தது. பொருளும் அளவும் ஒன்றே, அரைத்த விதம் மட்டுமே வேறு. டாஃப்லோன் என்ற பெயரில் விற்கப்படும் குளிசை இவ்வகையானது. அதன் 500 மில்லிகிராமில் 90 வீதம் டயோஸ்மின், மிகுதி ஹெஸ்பெரிடின் என்று கணக்கிடப்படும் பிளேவனொயிட்டுகள்.

இரண்டாவது, பற்றீரியாக்கள் செய்யும் வேலையை முன்கூட்டியே செய்துவிடுதல். 2006இல் வெளியான ஆய்வொன்றில், நொதியத்தால் ஒரு சர்க்கரையைக் கழற்றிய தோடஞ்சாறு 16 பேருக்குக் கொடுக்கப்பட்டது. சாதாரணச் சாற்றில் ஹெஸ்பெரெற்றின் குருதியில் உச்சத்தை எட்டச் சராசரியாக 7 மணித்தியாலம் சென்றது. மாற்றிய சாற்றில் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரமே போதுமாயிருந்தது. உச்ச அளவும் ஏறத்தாழ நான்கு மடங்காகியது. யப்பானியர் இதற்கு மாறாக இன்னொரு குளுக்கோசை ஒட்டி, நீரில் பல மடங்கு கரையக்கூடிய ஹெஸ்பெரிடினைத் தயாரித்தனர்.

மூன்றாவது, கொழுப்பில் பொதிந்து அனுப்புதல். எமது கலங்களின் மென்சவ்வு கொழுப்பாலானது. லெசித்தின் போன்ற கொழுப்போடு பிளேவனொயிட்டைப் பிணைத்தால் அது அந்தச் சவ்வைக் கடப்பது இலகுவாகிறது. இம்முறையை வளர்த்தெடுத்ததில் மிலானோவின் இந்தெனா நிறுவனத்துக்கு முக்கிய பங்குண்டு.

நான்காவது வழி எமது நகரத்திலேயே உருவானது. சிசிலியின் சாறு பிழியும் ஆலைகளில் பழத்தின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி 'பாஸ்தாட்சோ' என்ற சக்கையாக மிஞ்சும். அதனை அகற்றுவது ஆலைகளுக்குப் பெரும் செலவு. அதிலிருந்து பெக்டினை எடுக்கும் வழமையான முறையில் சூடான அமிலமும் மதுசாரமும் பயன்படும். அதில் பிளேவனொயிட்டுகள் பெரும்பாலும் கழிந்து போகும். பலெர்மோவிலுள்ள இத்தாலியத் தேசிய ஆய்வு மன்றத்தின் நிலையத்தில் றொசாரியா சிரிமின்னா, மாரியோ பல்யாரோ ஆகியோர் தம் சகாக்களோடு வேறு வழியைப் பின்பற்றினர். சக்கையையும் வெறும் நீரையும் ஒடுங்கிய குழாய் வழியே விசையோடு செலுத்தினர். அப்போது அழுத்தம் திடீரென மாறி நுண்குமிழிகள் தோன்றி உடையும். அந்த உடைவில் தோலின் கலச்சுவர்கள் கிழிந்து, பெக்டினும் பிளேவனொயிட்டுகளும் மணப்பொருட்களும் ஒன்றாகவே நீருக்குள் வரும். உலர்த்திக் கிடைக்கும் தூளுக்கு 'இன்டெக்ரோபெக்டின்' என்று பெயரிட்டனர். நீரில் கரையும் பெக்டினுக்குள் பிளேவனொயிட்டுகள் பரந்து இருப்பதே இதன் சிறப்பு.

2020, 2021ஆம் ஆண்டுகளில் இக்குழுவினர் பலெர்மோவின் ஏனைய ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்ட முடிவுகளில், எலுமிச்சையிலிருந்து எடுத்த இத்தூள் நரம்புக் கலங்களைச் சேதத்திலிருந்து காத்தது. சில பற்றீரியாக்களுக்கு எதிராகவும் செயற்பட்டது. நம்பிக்கை தரும் முடிவுகள்தாம். ஆனால் அவை ஆய்வுகூடக் கலங்களில் கிடைத்தவை. அவற்றை மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எதற்கு எவ்வளவு ஆதாரம்?

மிகக் கூடிய ஆதாரம் கால் நாளங்கள் பற்றியது. வீடுகளைத் துப்புரவாக்கியும் மாடிப்படிகளில் ஏறி இறங்கியும் நாள் முழுக்க நிற்கும் எமது பெண்கள் பலருக்குக் கால் நாளம் புடைத்து மாலையில் வீங்குகிறது. நுண்ணியதாக அரைத்த டயோஸ்மின் போன்ற மருந்துகள் இந்த வீக்கத்தைச் சற்றுக் குறைக்கின்றன என்று கொக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மீளாய்வு கூறுகிறது. காலில் ஏற்பட்ட புண்ணை ஆற்றுவதில் அவற்றால் பெரிய பயன் தெரியவில்லை. மூலநோயில் குருதிக் கசிவைக் குறைக்கவும் இவை உதவுகின்றன. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் இக்குளிசையை வாங்கிப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். அது குருதி உறைவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அடுத்தது குருதி அழுத்தம். 2011இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், 50 முதல் 65 வயது வரையான, உடல் எடை கூடிய 24 ஆண்கள் நான்கு வாரம் தினமும் அரை லீற்றர் தோடஞ்சாறு குடித்தனர். அதில் ஏறத்தாழ 292 மில்லிகிராம் ஹெஸ்பெரிடின் இருந்தது. அவர்களின் அழுத்தத்தின் கீழ் எண் சற்றுக் குறைந்தது. சாறின்றி ஹெஸ்பெரிடினை மட்டும் எடுத்தபோதும் அவ்வாறே குறைந்தது. ஆனால் இது 24 பேரைக் கொண்ட சிறிய ஆய்வு. அத்தோடு அரை லீற்றர் தோடஞ்சாற்றில் 40 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். நீரிழிவு உள்ள ஒருவர் அழுத்தம் குறையட்டும் என்று தினமும் அதைக் குடித்தால் குருதியில் சீனி ஏறும்.

மூன்றாவது கொலஸ்திரோல். மெசினா நீரிணைக்கு அப்பால் ரெஜ்ஜோ கலாப்ரியாக் கரையோரம் விளையும் பெர்கமொத் பழத்தில், ஸ்ரற்றின் மருந்தை ஒத்த பகுதியைக் கொண்ட புரூற்றியெரிடின், மெலிற்றிடின் என்ற இரு பொருட்களைக் கலாப்ரியப் பல்கலைக்கழகத்தினர் 2009இல் கண்டறிந்தனர். பெர்கமொத் சாரம் கெட்ட கொலஸ்திரோலைக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. அவை குறுகிய காலத்துக்கே நடத்தப்பட்டவை. மாரடைப்பைத் தடுப்பதாகப் பெரும் ஆய்வுகளில் நிறுவப்பட்டவை ஸ்ரற்றின் மருந்துகள். பெர்கமொத் குளிசைக்கு அந்தத் தகுதி இல்லை.

புற்றுநோய், மறதி நோய், நீரிழிவு ஆகியவற்றை இப்பொருட்கள் மாற்றும் என்று சொல்ல மனிதரில் போதிய ஆதாரம் கிடையாது.

ஆபத்து எங்கே?

1989இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில், டேவிட் பெய்லி என்பவரின் குழுவினர் ஃபெலோடிபின் என்ற அழுத்த மருந்தைப் பற்றிய ஆய்வொன்றில் கிரேப்ஃபுரூட் சாற்றைப் பயன்படுத்தினர். மருந்தின் அளவு குருதியில் எதிர்பாராத வகையில் ஏறியது. முதலில் நாரிஞ்சின் மேல் சந்தேகம் விழுந்தது. பின்னர் முதன்மைக் குற்றவாளி ஃபுரானோகூமரின் என்ற வேறொரு கூட்டப் பொருட்கள் என்று தெரிந்தது. குடற்சுவரில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியத்தை இவை செயலிழக்கச் செய்கின்றன. மருந்து சிதையாமல் முழுதாக உள்ளே போகும். ஒரு குவளைச் சாறே இதற்குப் போதும். விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். எனவே காலையில் பழம், இரவில் குளிசை என்று பிரித்து எடுப்பதால் பயனில்லை.

சிம்வஸ்ரற்றின், அற்றோர்வஸ்ரற்றின், ஃபெலோடிபின், சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பின் கொடுக்கப்படும் சைக்குளோஸ்போரின், ரக்ரோலிமஸ் ஆகியவை இதனால் பாதிக்கப்படும். கிரேப்ஃபுரூட்டில் மட்டுமன்றிப் பம்பளிமாஸ், கசப்புத் தோடை, பெர்கமொத் ஆகியவற்றிலும் அப்பொருட்கள் உண்டு. இனிப்புத் தோடையிலும் மந்தரினிலும் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை.

ஆயினும் இனிப்புத் தோடஞ்சாற்றோடு குளிசை விழுங்குவதும் நல்லதல்ல. அலர்ஜிக்கான ஃபெக்சோஃபெனடின், அழுத்தத்துக்கான அற்றெனொலோல் போன்றவை சாற்றோடு எடுத்தால் குறைவாகவே உறிஞ்சப்படும். இங்கே மருந்தைத் தடுப்பதில் பிளேவனொயிட்டுகளுக்கே பங்குண்டு.

உடல் மெலிவதற்கென்று விற்கப்படும் கசப்புத் தோடைக் குளிசைகளில் உள்ள சினெஃப்ரின் இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றக்கூடும். கொலஸ்திரோலுக்கான 'இயற்கை' குளிசைகளில் பெர்கமொத்தோடு 'ரீசோ ரோஸ்ஸோ ஃபெர்மென்தாத்தோ' என்ற புளித்த சிவப்பரிசி சேர்க்கப்பட்டிருக்கலாம். அதிலுள்ள மொனகொலின் கே, லோவஸ்ரற்றின் என்ற மருந்தேதான். இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதன் நாளாந்த அளவை 3 மில்லிகிராமுக்குக் குறைவாக மட்டுப்படுத்தியது. ஸ்ரற்றின் எடுக்கும் ஒருவர் இதையும் சேர்த்து எடுத்தால் ஒரே வகை மருந்தை இருமுறை எடுத்ததாகும். தசை நோவும் தசைச் சேதமும் வரலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பழத்தைச் சாறாக்காமல் சுளையாக, வெள்ளைப் பஞ்சும் சிறிது சேர உண்பது நல்லது. நார்ச்சத்தும் கிடைக்கும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். ஊறுகாயில் தோல் முழுவதும் சேர்கிறது என்பது சரி. கூடவே உப்பும் சேர்கிறது. அழுத்தம் உள்ளவர்கள் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்த வேண்டும்.

தோலைச் சமைக்கவோ அவிக்கவோ முன்னர் பெட்டியில் ஒட்டியிருக்கும் சிட்டையைப் பாருங்கள். 'பூச்சா நோன் எதீபிலே' என்றிருந்தால் அந்தத் தோல் உண்ணத்தக்கதல்ல. பூஞ்சணக்கொல்லியோ மெழுகோ பூசப்பட்டிருக்கும். 'நோன் த்ரத்தாத்தோ' என்று எழுதியிருக்கும் பழத்தையே தோலுக்காக வாங்க வேண்டும்.

குளிசைகளை எப்போதும் தண்ணீரோடு விழுங்குங்கள். வைத்தியர் தந்ததை வைத்தியரிடம் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

அடுத்த முறை குடும்ப வைத்தியரிடம் செல்லும்போது, வீட்டில் எடுக்கும் எல்லாப் பெட்டிகளையும், மூலிகைக் கடையில் வாங்கியதையும் ஊரிலிருந்து வந்த சூரணத்தையும் சேர்த்து, ஒரு பைக்குள் போட்டுக் கொண்டுபோங்கள். அம்மா, அப்பாவுக்காக இத்தாலியத்தில் பேசுவது பெரும்பாலும் பிள்ளைகளே. அவர்கள் கேட்க வேண்டியது ஒரு வரிதான்: 'போஸ்ஸோ ப்ரேந்தெர்லோ கோன் லே மீயே மெதிச்சீனே?' என் மருந்துகளோடு இதை எடுக்கலாமா என்பது அதன் பொருள். மருந்தகத்தில் இருப்பவரிடமும் இதையே கேட்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.